பலகாரச் சம்படமும் பல்லின் கணக்கும்

தீபாவளி நெருங்கும்போது பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் தவறாமல் ஓர் அறிவுரை வரும்: இனிப்பைக் குறையுங்கள். யாரும் கேட்பதில்லை. கேட்காததில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியத்தை விழுங்கி, புதுத்துணியோடு உட்கார்ந்து ஒரு லட்டையும் இரண்டு துண்டு மைசூர்பாகையும் சாப்பிடுகிறவரிடம் போய்ச் சர்க்கரைக் கணக்கு பேசுவது ரசக்குறைவு. பல்லைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரிய கணக்கும் அல்ல. அன்று காலை ஒரே மூச்சில் தின்ற நாலு இனிப்பைவிட, அடுத்த இரண்டு வாரம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கும் சம்படத்தில் போகும்போது ஒரு வாய், வரும்போது ஒரு வாய் என்று எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் பல்லை அதிகம் அரிக்கும். எத்தனை தடவை தின்கிறோம், தின்றது எவ்வளவு நேரம் வாயில் தங்குகிறது என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுப் பார்த்தால், பண்டிகைக்காலத்தில் பல்லுக்கு ஏற்றது எது, ஏற்காதது எது என்ற பட்டியலே கொஞ்சம் தலைகீழாகிவிடும்.

காரணம் வாய்க்குள் நடக்கும் வேதியியலில் இருக்கிறது. காலையில் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழப்பாக ஒரு படலம் தட்டுப்படும் அல்லவா, அது முழுக்கக் கிருமிகளின் குடியிருப்பு. அவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ல் பிரிட்டனைச் சேர்ந்த கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது. நாம் சர்க்கரை தின்றால் இவையும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தைக் கழிக்கின்றன. ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களில் இந்தப் படலத்தின் அமிலத்தன்மையை நேராகவே அளந்து பார்த்தார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள் பிஎச் அளவு சடாரென்று சரிகிறது. பிறகு எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைக் கழுவி, நடுநிலைக்குக் கொண்டுவர அரைமணியிலிருந்து ஒரு மணிநேரம் வரை ஆகிறது. பிஎச் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறும். மேலே ஏறினால் எச்சிலில் இருக்கும் அதே தாதுக்கள் திரும்பிவந்து படியும். அரிப்பும் பழுதுபார்ப்பும் நாள் முழுக்க மாறி மாறி நடக்கின்றன. நாலு இனிப்பை ஒரே அமர்வில் தின்றால் ஒரு அமிலச் சரிவு. அதையே நாலு வேளையாகப் பிரித்துத் தின்றால் நாலு சரிவு, இரண்டு மூன்று மணிநேர அரிப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சம்படத்தைத் திறப்பவருக்கோ பழுதுபார்க்க நேரமே கிடைப்பதில்லை, சிமென்ட் காய்வதற்குள் மறுபடி மறுபடி மிதித்துக்கொண்டே இருப்பதுபோல.

இது காகிதத்தில் போட்ட கணக்கு மட்டுமல்ல. மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது, அதுவும் இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காத விதத்தில். ஸ்வீடனின் லுண்ட் நகரில் விப்பேஹோல்ம் என்று மனவளர்ச்சி குன்றியோருக்கான ஒரு மருத்துவமனை இருந்தது. 1945-ல் தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கிருந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு விதமாகச் சர்க்கரை கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டோடு சேர்த்துப் பானத்தில் கலந்து நிறைய சர்க்கரை. இன்னொன்றுக்கு இனிப்பு ரொட்டி. வேறு சிலருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே சாக்லேட். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 24 டாஃபி, அதுவும் பல்லில் ஒட்டும்படியாகவே செய்யப்பட்டது. முடிவுகள் 1954-ல் வெளியாயின. சாப்பாட்டோடு சர்க்கரை பெற்றவர்களுக்குச் சொத்தை சொற்பமே கூடியிருந்தது. இடைவேளைகளில் டாஃபி தின்றவர்களுக்கோ தாறுமாறாக ஏறியிருந்தது. டாஃபியை நிறுத்தியதும் புதிய சொத்தை விழும் வேகமும் தணிந்தது. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாதவர்களின் பல்லைப் பலிகொடுத்துக் கிடைத்த அறிவு இது; பல் மருத்துவப் பாடநூல்கள் இந்த ஆய்வைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. ஒரு நாளைக்கு 24 டாஃபி யார் தின்கிறார்கள் என்று கேட்கலாம். டாஃபி தின்ன வேண்டாம். விடுமுறையில் வீட்டிலேயே இருக்கும் பத்து வயதுப் பிள்ளை சம்படத்தின் மூடியைத் திறக்கும் சத்தத்தை ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் போதும்.

அப்படியானால் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டும் என்றுதான் பதில். இரண்டாம் உலகப் போரையொட்டி ஜப்பானில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 கிலோவாக இருந்த சர்க்கரை 1946-ல் 0.2 கிலோவாகச் சுருங்கியது. அந்த ஆண்டுகளில் குழந்தைகளின் சொத்தைப் பற்களும் வெகுவாகக் குறைந்தன. போர்க்கால நார்வேயிலும் இப்படியே நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல், நாம் உண்ணும் மொத்த சக்தியில் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று சொன்னபோது, அதற்கு அடிப்படையாக அமைந்த முக்கியமான சான்றுகளில் ஒன்று பற்சொத்தை. 5 சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்கு 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். ஆனால் அளவும் தடவையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. அடிக்கடி தின்பவர்தான் மொத்தத்தில் அதிகமும் தின்பவர். பண்டிகை நாளில் அளவைக் கட்டுப்படுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். தடவையைக் கட்டுப்படுத்தினால் அளவு தானே குறைகிறது, சண்டையும் இல்லை. அதனால்தான் அந்த முனையிலிருந்து பிடிப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது கேள்வியான தங்கும் நேரம் இனிப்பைவிடக் காரத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறது. முறுக்கு, ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி, மிக்சர் எதிலும் சர்க்கரை இல்லை, ஆகவே பல்லுக்குப் பாதகம் இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. ஒரு முறுக்கைக் கடித்துத் தின்றபின் வாய்க்குள் என்ன மிஞ்சுகிறது என்று கவனித்துப் பார்க்கலாம். கடைவாய்ப் பல்லின் குழிகளில் மாவு பசையாகித் திணிந்திருக்கும். நாக்கு கால் மணிநேரம் அங்கேயே துழாவிக்கொண்டிருக்கும். ஓமப்பொடியானால் பல் இடுக்கில் ஒரு துணுக்கு நின்றுகொண்டு விரல் போகிறவரை விடாது. வெந்த மாவுச்சத்தை எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது; கிருமிக்கு அதுவும் உணவே. 1991-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பலவகைத் தின்பண்டங்களைத் தின்னச் சொல்லி, பல்லில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தார்கள். ஒட்டும் என்று எல்லோரும் சொல்லும் காரமெல் மிட்டாய் விரைவில் கரைந்து போய்விட்டது. ஒட்டாது என்று நினைத்த பிஸ்கட்டும் உருளைக்கிழங்கு சிப்ஸும்தான் நெடுநேரம் தங்கின. நாக்கு சொல்லும் சாட்சியை இந்த விஷயத்தில் நம்ப முடியாது.

இதை வைத்து முறுக்கு லட்டைவிடக் கெட்டது என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மாவுச்சத்து தனியாக இருக்கையில் சர்க்கரை அளவுக்குப் பல்லை அரிப்பதில்லை. சிக்கல், நம் வீடுகளில் அது தனியாக வருவதில்லை என்பதுதான். தட்டில் ஒரு இனிப்பு, ஒரு காரம், கையில் காபி. இனிப்பு திகட்டினால் காரம், காரம் உறைத்தால் இனிப்பு என்று கை மாறி மாறிப் போகும். முறுக்கு மாவு குழிகளை அடைத்துக்கொண்டு நிற்க, பாகும் சர்க்கரைக் காபியும் அதில் ஊறி அங்கேயே தங்குகின்றன. மாவும் சர்க்கரையும் ஒரே பண்டத்தில் கலந்துவிட்டால் இந்த வேலையை அதுவே செய்துகொள்ளும்: அதிரசம், சோமாசி, இனிப்பு பிஸ்கட், கேக் எல்லாம் இந்த வகை. ஒரே வேளையில் தின்று, நன்றாகக் கொப்பளித்துவிட்டால் இவற்றிலும் பெரிய ஆபத்தில்லை. தின்றபின் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கும் பழைய வழக்கம் நகரத்து வரவேற்பறைகளில் மறைந்துவிட்டது. டிஷ்யூ தாளில் கையைத் துடைத்துக்கொண்டால் சாப்பாடு முடிந்ததாக எண்ணிவிடுகிறோம்.

வெள்ளைச் சர்க்கரைதானே விஷம், நாங்கள் வெல்லத்தில்தான் செய்கிறோம் என்ற பதில் இப்போது அதிகம் கேட்கிறது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பு போன்ற தாதுக்கள் கொஞ்சம் உண்டு, மணமும் உண்டு. ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். அமிலம் தயாரிப்பதோடு பல்லில் ஒட்டிக்கொள்ளப் பசை தயாரிக்கவும் மியூட்டன்ஸ் கிருமிக்குத் தோதான மூலப்பொருள் சுக்ரோஸ்தான். தேனும் தப்பாது; உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதி விற்கும் பேரீச்சம்பழ உருண்டையும் அத்தி பர்ஃபியும் நீரிழிவுக்காரர்களை மனதில் வைத்துப் பரிசாக வாங்கப்படுகின்றன. பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், அதுவும் பல்லில் அப்பிக்கொள்ளும் பதத்தில். உலர்பழப் பெட்டி கொடுக்க நினைப்பவர்கள் திராட்சையையும் பேரீச்சையையும் விட்டுவிட்டு முந்திரி, பாதாம், பிஸ்தா மட்டும் வாங்கினால், அது பல்லுக்கு உண்மையாகவே நல்ல பரிசு. கொட்டைகளில் சர்க்கரை மிகக் குறைவு, மென்று தின்னவேண்டியிருப்பதால் எச்சிலும் நிறையச் சுரக்கும். விலை என்னவோ கடிக்கும். அதற்குத்தான் வறுத்த வேர்க்கடலை இருக்கிறது.

பண்டிகைத் தீனியிலேயே பல்லுக்கு ஏற்றதைத் தேட வேண்டுமென்றால் தீபாவளிக்குச் சில வாரம் முன்னால் வந்துபோன நவராத்திரியைப் பார்க்கலாம். கொலு வீடுகளில் ஒன்பது நாளும் தரும் சுண்டல், வெல்லம் போட்டுச் செய்யும் ஒன்றிரண்டு வகை நீங்கலாக, பல் மருத்துவரே உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்லதாக அமையாது. வேகவைத்த கொண்டைக்கடலை, தேங்காய்த்துருவல், கடுகு, மிளகாய். மெல்ல வேண்டும், ஒட்டாது, சர்க்கரை இல்லை. ஒன்பது நாள் விருந்தினரை உபசரிக்கப் போதுமானதாக இருந்தது தீபாவளியன்று மாலை வருகிறவருக்கு மட்டும் எப்படிப் போதாமல் போகிறது என்பது எனக்கு விளங்காத விஷயம். இலைச் சாப்பாட்டிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. பாயசம் வந்துபோனபின் மோர்சாதத்தில் முடிக்கிறோம். வயிற்றுக்காக வைத்த முறை பல்லுக்கும் உதவுகிறது. முன்னோர்கள் எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று வாட்ஸ்அப் பாணியில் பெருமை பேச வேண்டிய அவசியமில்லை. தயிர் புளிப்பாயிற்றே, அதுவும் அமிலம்தானே என்று கேட்பது சரியான கேள்வி. தயிர் அமிலம்தான், ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து அவற்றைப் பிடுங்குவதில்லை. இனிப்புக்குப் பிறகு ஒரு துண்டு சீஸ் தின்றால் படலத்தின் அமிலம் சீக்கிரம் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால்பொருள்களில் இனிப்புக் கணக்கில் வைக்க வேண்டியது அவற்றின் சர்க்கரை போட்ட அவதாரங்களைத்தான்: லஸ்ஸி, மில்க் ஷேக், பழக்கலவைத் தயிர்.

குடிப்பதில் இன்னொரு கவனம் வேண்டும். கோலா வகைப் பானங்களில் நூறு மில்லிக்குச் சுமார் பத்து கிராம் சர்க்கரை, பிஎச் 2.5 அளவில். கிருமியின் உதவி இல்லாமலேயே எனாமலைக் கரைக்க அது போதும், டயட் என்று எழுதியிருந்தாலும்கூட. தீபாவளி ரிலீஸ் படத்துக்குப் போய் இரண்டரை மணிநேரம் ஒரே பாட்டிலைச் சப்பிச் சப்பி முடிப்பதும், சாப்பாட்டோடு ஒரு டம்ளர் மடமடவென்று குடித்துவிடுவதும் வயிற்றுக்கு ஒன்றுதான், பல்லுக்கு ஒன்றல்ல. உணவகத்தில் பில்லோடு வரும் வண்ணச் சர்க்கரை பூசிய சோம்பும் இதே ரகம். பூச்சில்லாத சோம்பு குற்றமற்றது. வெற்றிலை பாக்கு எச்சிலைப் பெருக்கும் என்று வாதாடுபவர்கள் உண்டு. எச்சில் பெருகுவது வாஸ்தவம். ஆனால் புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் உறுதிசெய்துவிட்டது; சொத்தைக்குப் பயந்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

குழந்தைகளிடம் தடவைக் கணக்கு செல்லுபடியாகுமா என்பது நியாயமான சந்தேகம். தடை போட்டால் ஆசை கூடும், ஒளித்துவைத்தால் நாற்காலி போட்டு ஏறுவார்கள். விப்பேஹோல்ம் முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்வீடன்காரர்கள் செய்தது தடை அல்ல. வாரம் முழுக்கத் தின்பதை ஒரு நாளில் தின்னட்டும் என்று சனிக்கிழமை மிட்டாய் என ஒரு வழக்கத்தைப் பரப்பினார்கள்; இன்றைக்கும் அங்கே அது குடும்பப் பழக்கம். நம் வீட்டில் அதை மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டின்போது எச்சில் அதிகம் சுரந்துகொண்டிருக்கும். வாய் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. இனிப்பு தனிச் சரிவை உண்டாக்குவதில்லை. எத்தனை துண்டு என்பதில் கெடுபிடி வேண்டியதில்லை. தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து தின்ன வேண்டும், சம்படத்திலிருந்து நேராக வாய்க்குப் போகக் கூடாது என்ற இரண்டு விதி போதும். பால் பற்களின் எனாமல் மெல்லியது, அதனால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கும். எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விட்டுவிட்டால் வலியும் சீழும் விழும்வரை காத்திருக்காது.

என்ன தின்றாலும் பல் துலக்கிவிட்டால் தீர்ந்தது என்ற வாதத்தில் பாதி உண்மை. பற்குழிக்குள் திணிந்த மாவை பிரஷ் முழுதாக எடுத்துவிடாது. தின்ற ஐந்தாவது நிமிஷமே துலக்கினாலும் அதற்குள் அமிலம் சுரக்க ஆரம்பித்திருக்கும். துலக்குவதன் பெரிய பயன் பற்பசையில் இருக்கும் ஃப்ளோரைடு. கரைந்த தாது திரும்பப் படிவதை அது விரைவுபடுத்தி, படிந்ததை அமிலத்துக்கு எளிதில் மசியாததாகவும் ஆக்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்து பல் கறைபட்டவர்கள் ஏராளம். அந்த மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதைக் காட்டிப் பற்பசையையே ஒதுக்குவது பொருந்தாது. குடிநீரில் வருஷக்கணக்கில் விழுங்குவது வேறு, துலக்கித் துப்புவது வேறு. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரிசிமணி அளவும், அதற்கு மேல் பட்டாணி அளவும் போதும். எப்போது துலக்குகிறோம் என்பதில்தான் நம்மில் பலரும் தவறுகிறோம். காலையில் காபிக்கு முன் கட்டாயம் துலக்குகிற வீடுகளில் இரவில் துலக்குவது பழக்கத்திலேயே இருப்பதில்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். கழுவ ஆளில்லாத அந்த ஏழெட்டு மணிநேரத்துக்குள் கடைசியாகத் தின்ற ஜாங்கிரியோடு நுழைவதுதான் மோசம். பட்டாசு வெடித்துக் களைத்துவரும் பிள்ளையை அன்று குளிக்காமல் தூங்கவிடலாம், துலக்காமல் விட வேண்டாம்.

வயதானவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமையாகும். ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் எடுத்துக்கொள்ளும் பல மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கின்றன. ஈறு இறங்கி வெளியே தெரியும் பல்வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, அது 5.5-க்கு வெகு முன்பே கரையத் தொடங்கிவிடும். அவர்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். இனிப்பை நெய் மிகுந்த, வாயில் போட்டதும் கரைகிற வகையாகப் பார்த்துக் கொடுக்கலாம். கேப் போட்டவர்களும் பல்செட் வைத்தவர்களும் இரண்டு பண்டங்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: இழுக்கிற அல்வா கேப்பைக் கழற்றும், கடிக்கிற பொருள்விளங்காய் உருண்டை மிச்சமிருக்கிற நல்ல பல்லையும் சேர்த்து உடைக்கும். உருண்டையை அம்மியில் வைத்துத் தட்டிப் பொடியாக்கித் தருவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பல் உடைந்தால் உடனே போய்க் காட்டலாம் என்று பார்த்தால், பண்டிகை வாரத்தில் டாக்டரும் ஊருக்குப் போயிருப்பார்.